பிளேன் யன்னலில் தெரியும் வெளிச்சங்கள்: கேள்வி பதில்

முகிலின் மேல் விழுந்த விமான நிழலையும் அதைச் சுற்றி நின்ற நிற வளையத்தையும் போன வாரம் படம் பிடித்துப் போட்டேன். அன்றிலிருந்து வாழைச்சேனை முதல் திருக்கோவில் வரை கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. முப்பது வருடம் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். ஒளியைப் பற்றிக் கேட்டால் சொல்லாமல் இருக்க மாட்டேன். பதிலுக்கு முன் ஒன்று: யன்னல் வழியாகச் சூரியனை நேரே பார்க்காதீர்கள். கமராவில் ஜூம் பண்ணியும் பார்க்காதீர்கள். கண் போனால் திரும்பாது.

கல்முனை: சேர், கத்தாருக்குப் போகும்போது முகிலில் எங்கள் பிளேனின் நிழலும் அதைச் சுற்றி வட்டமான வானவில்லும் தெரிந்தது. வானவில் வட்டமாகவும் வருமா?

வரும், ஆனால் நீங்கள் பார்த்தது வானவில் இல்லை தம்பி. வானவில் மிகப் பெரியது. அதன் நடுவிலிருந்து விளிம்பு வரை 42 பாகை. கையை நீட்டிச் சாண் விரித்தால் கிட்டத்தட்ட 20 பாகை வரும், அப்படி இரண்டு சாண். நீங்கள் பார்த்த வளையம் நீட்டிய கையின் முஷ்டிக்குள் அடங்கியிருக்கும். இதை குளோரி என்பார்கள்.

வானவில்லுக்கு மழைத்துளி வேண்டும். இதற்கு அதைவிட நூறு மடங்கு சிறிய, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவான முகில் துளி போதும். துளியின் ஓரத்தில் நுழையும் ஒளி உள்ளே தெறித்து, ஏறத்தாழ வந்த வழியே திரும்புகிறது. துளியின் ஓரம் முழுவதிலிருந்தும் அப்படித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கலந்து சில கோணங்களில் கூடும், சிலவற்றில் குறையும். அதுதான் வளையம். வெளியே சிவப்பு, உள்ளே நீலம். துளிகள் சிறுக்கச் சிறுக்க வளையம் பெருக்கும். எல்லாத் துளியும் ஒரே அளவாக இருந்தால் இரண்டு மூன்று வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெளிவாக நிற்கும்.

1730களில் பூமியை அளக்க தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்குப் போன பிரெஞ்சு அறிஞர் பூகேரும் ஸ்பானிய அறிஞர் உல்லோவாவும் மூடுபனியில் விழுந்த தங்கள் தலை நிழலைச் சுற்றி இதைக் கண்டார்கள். 1894இல் ஸ்கொட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் இதைப் பார்த்த விஞ்ஞானி சி.டி.ஆர். வில்சனுக்கு ஆய்வுகூடத்திலேயே முகில் செய்து பார்க்க ஆசை வந்தது. அந்த ஆசை முகிற்கூடமாகி, அணுத்துகள்களின் தடத்தைக் காட்டி, 1927இல் நோபல் பரிசு வரை போனது. உங்கள் யன்னலில் தெரிந்த அதே வளையம்தான் தம்பி!

ஏறாவூர்: யன்னல் கண்ணாடியில் எண்ணெய் படிந்தது போல நிறங்கள். கண்ணாடி வெடிக்கப் போகிறதா? பயந்துவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. அது கண்ணாடியே இல்லை, இழுத்து வலுவாக்கிய அக்ரிலிக் பிளாஸ்டிக். வானத்திலிருந்து வரும் ஒளி ஓரளவு முனைவாக்கம் அடைந்தது, அதாவது அதன் ஒரு பங்கு ஒரே திசையில் அதிர்கிறது. இந்தப் பிளாஸ்டிக் அந்த அதிர்வை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு அளவில் மாற்றிவிடும். ஒரு திசை அதிர்வை மட்டும் உள்ளே விடும் போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் அந்த வித்தியாசம் நிறமாகத் தெரியும். தலையைச் சரித்துப் பாருங்கள், நிறம் மாறும். கூலிங் கிளாஸைக் கழற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும். யன்னலின் கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளையும் அதைச் சுற்றிப் பூப்போல உறைபனியும் இருக்கும். அந்தத் துளையும் அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டுமென்றே போட்டதுதான்.

காத்தான்குடி: வளையத்தைப் பார்க்க எந்தப் பக்க சீட் எடுக்க வேண்டும்?

சூரியனுக்கு எதிர்ப்பக்கம். ஆடி மாதக் காலையில் கட்டுநாயக்கவிலிருந்து தோஹாவுக்குப் போனால் இடப்பக்கம், சிறகு மறைக்காத வரிசை. உச்சி வெயிலில் நிழல் வயிற்றுக்கு நேர் கீழே விழும், யாருக்கும் தெரியாது. எதிர்ப்பக்கம் இருந்தால் கண்ணுக்கும் பாதுகாப்பு.

அக்கரைப்பற்று: நானும் மச்சானும் ஒரே பிளேனில் வந்தோம். நான் 9ஆம் வரிசை, அவர் 31. என் படத்தில் வளையத்தின் நடு சிறகுக்கு முன்னால் இருக்கிறது. அவர் படத்தில் வாலுக்குக் கிட்ட. அவர் படத்தை மாற்றியிருக்கிறார் என்கிறேன். யார் சரி?

இரண்டு பேரும் சரி. மச்சானிடம் மன்னிப்புக் கேளுங்கள். வளையத்தின் நடு, பார்ப்பவரின் கண் நிழல் விழும் இடம். படத்தைப் பார்த்தே எடுத்தவர் எந்த வரிசையில் இருந்தார் என்று சொல்லிவிடலாம்.

சம்மாந்துறை (அந்த மச்சான்): நன்றி சேர். ஆனால் 180 பேர் பார்த்தால் 180 வளையமா? ஒரு முகிலில் எப்படி அத்தனையும் இருக்கும்?

முகிலில் வளையம் எழுதிவைக்கப்படவில்லை. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தில் நின்றிருக்கிறீர்களா? வாவியில் நிலவின் வெள்ளிப் பாதை நேரே உங்கள் காலடிக்கு வரும். பாலத்தின் அடுத்த முனையில் நிற்பவருக்கு அது அவருடைய காலடிக்கு வரும். வாவி முழுவதும் ஒளி விழுகிறது, உங்கள் கண்ணுக்குத் திரும்பும் பங்கு மட்டும் உங்களுக்குப் பாதை. வளையமும் அப்படித்தான்.

புளியந்தீவு: இவர்கள் இருவரும் நிழலைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நிழலே இல்லை, வளையம் மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் நிழலுக்கும் வளையத்துக்கும் சம்பந்தம் இல்லைத்தானே?

இது நல்ல கேள்வி. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமான வட்டு. அதனால் எந்தப் பொருளின் முழு நிழலும் போகப்போகக் கூம்பாக ஒடுங்கி, பொருளின் அகலத்தைப் போல நூறு மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் முடிந்துவிடும். 4 மீற்றர் அகலமான விமான உடல் என்றால் சுமார் 400 மீற்றர். முகில் அதற்கு அப்பால் இருந்தால் நிழல் கரைந்துவிடும். வளையத்தை உண்டாக்குவது துளிகள்தான், நிழல் இல்லை. இரண்டும் ஒரே திசையில் இருப்பதால் சேர்த்துப் பார்க்கிறோம்.

அக்கரைப்பற்று (மீண்டும்): முகில் தூரம் போனால் நிழல் சின்னதாகிறது. வளையம் ஏன் சின்னதாகவில்லை? இதில்தான் மச்சான் என்னை மடக்குகிறார்.

நிழல் ஒரு பொருள், தூரம் போனால் சின்னதாகத் தெரியும். வளையம் ஒரு கோணம். முகில் எவ்வளவு தள்ளி இருந்தாலும் அதே கோணத்தில் உள்ள துளிகள்தான் உங்களுக்கு ஒளியை அனுப்பும். உங்கள் 9ஆம் வரிசைப் படங்களில், முகில் கிட்ட வந்தபோது எடுத்ததையும் விலகியபோது எடுத்ததையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். இரண்டிலும் ஜூம் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

ஓட்டமாவடி: யன்னலில் வானவில் நிறம், கண்ணாடி பழுதா?

இல்லை. ஏறாவூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நிந்தவூர்: கீழே முகிலுக்குள் ஒரு பிரகாசமான வெள்ளைப் பொட்டு, பிளேனுடனேயே கூட வந்தது. வேறு விமானமா?

இல்லை, சூரியனின் விம்பம். தட்டையான பனிக்கட்டிப் பளிங்குகள் காற்றில் கிடையாக மிதந்து இறங்கும்போது, அவை எல்லாம் சேர்ந்து ஒரு கண்ணாடி போல வேலை செய்யும். சூரியன் அடிவானத்துக்கு மேல் எவ்வளவோ, இது கீழே அவ்வளவு. மிகவும் பிரகாசமாக இருந்தால் இதையும் உற்றுப் பார்க்காதீர்கள், ஜூமும் வேண்டாம். முகில் இல்லாத நாளில் இதன் தங்கச்சியைப் பார்க்கலாம். நீர் நிறைந்த வயல்களுக்கு மேலே பறக்கும்போது ஒவ்வொரு வயலாகப் பளிச்சிட்டு அணையும், பிறகு ஒரு குளம் முழுவதும் ஒரு கணம் வெள்ளியாகும்.

ஆரையம்பதி: பிளேன் ஆடும்போது பயமாக இருக்கிறது, என்ன செய்யலாம்?

பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றதை விமானி ஒருவரிடம் கேளுங்கள், என் பாடம் இல்லை.

களுவாஞ்சிக்குடி: யன்னலில் எண்ணெய் போல நிறம்...

மூன்றாவது தடவை. தயவுசெய்து மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

வாழைச்சேனை: இரவில் தூரத்து இடிமுகிலுக்கு மேலே சிவப்பாக ஏதோ தோன்றி மறைந்தது. கனவு என்கிறார்கள்.

கனவு என்று நான் சொல்ல மாட்டேன். பெரிய மின்னல் ஒன்று அடிக்கும்போது முகிலுக்கு மிக மேலே, 50 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் சிவப்பு ஒளி சில மில்லிசெக்கன் தோன்றும். ஸ்பிரைட் என்று பெயர். விமானிகள் பல காலம் சொல்லியும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1989இல் தற்செயலாக ஒரு கமராவில் பதிந்த பிறகுதான் நம்பினார்கள். அடுத்த முறை கண்டால் நேரத்தையும் திசையையும் உடனே எழுதி வையுங்கள்.

திருக்கோவில்: நான் பத்தாம் வகுப்பு சேர். பிளேனில் ஏறியதே இல்லை. தரையிலிருந்து இதெல்லாம் பார்க்க முடியாதா?

முடியும் மகள். மலைநாட்டில் மூடுபனி கீழே கிடக்க, சூரியன் முதுகில் படும்படி நின்றால் அதே வளையம் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. மார்கழி, தையில் மழை விட்ட ஒரு காலை, வெயில் ஏறுமுன் வயல் வரம்பில் நில்லுங்கள். நெல் இலையில் தண்ணீர் ஒட்டாது, பனித்துளி முத்தாக உருண்டு நிற்கும். ஒவ்வொரு துளியும் ஒரு வில்லை (லென்ஸ்). வெயிலை இலையில் குவித்து, வந்த வழியே திருப்பி அனுப்பும். பயிரின் மேல் நீண்டு விழும் உங்கள் நிழலைப் பாருங்கள், தலையைச் சுற்றி வெள்ளை ஒளி நிற்கும். இதில் நிறம் இராது, ஏனென்றால் இது குளோரி அல்ல, வேறு வேலை. பக்கத்தில் தங்கச்சியையும் நிறுத்துங்கள். அவளுடைய நிழலில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் கேட்டால், உங்கள் தலையில் ஒன்றுமில்லை, தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்பாள்.