படகை அடமானம் வைக்காதீர்கள், பையனைச் சி++ படிக்க விடுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாயின் கேள்வி: பிளஸ் டூ முடித்த மகன் எந்நேரமும் சி++ என்ற கணினி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறான். சென்னையிலுள்ள அவன் மாமா, "அதெல்லாம் செத்த மொழி, படகை அடமானம் வச்சாவது நிர்வாக ஒதுக்கீட்டுல ஏஐ படிப்புல சேர்த்துருங்க" என்கிறாராம்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் படகில் கை வைக்காதீர்கள். ஒரு பருவம் மீன்பாடு குறைந்தால் வட்டி கட்டுவது யார்? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இல்லையேல் ராமநாதபுரத்திலேயே அரசுக் கலைக்கல்லூரி இருக்கிறது.

மொழி செத்துவிடவில்லை. சி++ எதிலிருந்து வளர்ந்ததோ அந்த சி மொழி பிறந்தது 1972-இல். இன்றைய ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடும் லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பெரும்பாலும் சி-யில்தான் எழுதப்பட்டது. கடலில் சிக்னல் போன பிறகும் தகவலைப் போனிலேயே சேமிக்கும் செயலிகளில் பலவும் நம்பியிருக்கும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளமும் சி-தான். திரையும் பொத்தான்களும் கோட்லின் என்ற ஆண்ட்ராய்டு மொழியில் வரட்டும், அதையும் அவன் படிக்கவே வேண்டும். படம், ஒலி, கனமான கணக்கு என்று வந்தால் சி++ தெரிந்தவரைத் தேடுவார்கள்.

புது லேப்டாப் இப்போது வேண்டாம். போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டு, எழுதிய நிரலை ஓடக்கூடியதாக மாற்றித்தரும் கிளாங் கம்பைலரை அதில் நிறுவினால் போதும். முதல் ஆறு மாதம் பாயிண்டர் (மெமரியில் ஓர் இடத்தின் முகவரி), மெமரியை வாங்குவது, விடுவிப்பது மட்டும். பிறகு ஆண்ட்ராய்டு செயலிக்குள் சி++-ஐச் சேர்க்கும் கருவித்தொகுப்பான என்டிகே. அங்கே பலர் சறுக்குவது கோட்லினையும் சி++-ஐயும் இணைக்கும் ஜேஎன்ஐ பாலத்தில்: 12 மெகாபிக்சல் படத்தை ஒவ்வொரு புள்ளியாகக் கோட்லினிலிருந்து சி++-க்கு அனுப்பினால் 1.2 கோடி முறை பாலம் கடக்க வேண்டும். வேகத்துக்காகச் செய்தது மந்தமாகிவிடும். படம் முழுவதையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டும். 64-பிட் போனுக்கு மட்டும் நூலகத்தை (செயலி பயன்படுத்தும் சி++ நிரல் தொகுப்பை) கட்டிவிட்டு 32-பிட் பழைய போனை மறந்தால் அதில் செயலி ஓடாது. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொண்டு பிளே ஸ்டோருக்குப் போகும் செயலிகள் 2025 நவம்பரிலிருந்து 16 கேபி மெமரிப் பக்கத்துக்கும் (போன் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) பொருந்த வேண்டும். பழைய நூலகங்களைத் திரும்பக் கட்டித்தர ஆள் தேவைப்படுவது இதனால்தான்.

மாமாவிடம் பேசுவதற்கு முன் ஒரு வாரம் அவனைக் கவனியுங்கள். தொடக்கூடாத மெமரியைத் தொட்டதால் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று நிரல் நின்றதும் போனைத் தூக்கி வைத்துவிடுகிறானா, எந்த வரியில் தப்பு என்று சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் தேடுகிறானா? தேடுகிறான் என்றால் கலந்தாய்வுப் படிவத்தில் கணினி அறிவியலை அவனே நிரப்பட்டும்.