ஒரே அளவு இன்சுலின், ஒருநாள் 58, ஒருநாள் 300: ஏன்?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 74 வயது. 30/70 இன்சுலின் காலையில் 20, இரவில் 12 யூனிட். காலை ஊசி போட்டதும் நான் லோக்கல் ரயிலுக்கு ஓடிவிடுவேன். பகலில் அம்மா தனியாகத்தான் இருப்பார். சில நாள் பதினொரு மணிக்கு வியர்த்து நடுங்கி, சர்க்கரை 58. சில நாள் 300. அளவை மாற்றணுமா?

பதில்: 58 திரும்பத் திரும்ப வருகிறது என்றால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஆனால் ஒரே அளவில் சர்க்கரை இப்படித் துள்ளும்போது ஊசி போடும் விதத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

30/70 என்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் கலந்த, கலங்கலான மருந்து. வைத்த இடத்தில் அடியில் படியும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை கவிழ்த்து, பால்போல் சீராக வெளுத்தபின் எடுங்கள். குலுக்கக் கூடாது, நுரைக்கும்.

குப்பியில் 40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 100 குப்பியிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. வேறு கடையில் வாங்கும்போதெல்லாம் இரண்டையும் பாருங்கள்.

அம்மாவின் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் தடிப்பு வரும். அதில் போட்ட மருந்து ஒருநாள் சரியாக ஏறாது, ஒருநாள் வேகமாக ஏறும். தடிப்பில்லாத இடத்துக்கு மாறும்போது மருந்து முழுதாக வேலை செய்து சர்க்கரை இறங்கலாம். அதனால் மருத்துவரிடம் சொல்லி, அளவைக் குறைத்துத்தான் மாற வேண்டும்.

சாதாரண (ஹியூமன் வகை) 30/70 போட்டால் அரை மணியில் சாப்பாடு. நீங்கள் கிளம்பியபின் அம்மா பூஜையை முடித்துவிட்டுச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சனிக்கிழமை விரதம் உண்டென்றால் அன்றைய அளவை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பால் தாமதமாகும். 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை; ஏறியதும் பிஸ்கட்டோ இட்லியோ. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டில் இதைச் சொல்லி, ஒரு சாவியும் கொடுத்து வையுங்கள்.

மருத்துவரிடம் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும். பழைய அளவே அதிகமாகிவிடும். பகலில் தனியே இருக்கும் 74 வயதுக்காரருக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) 7க்குள் வந்தாக வேண்டும் என்பதில்லை; 8 வரை பரவாயில்லை என்று மருத்துவர் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரே ஒரு ஊசிக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள்.