கிராஃப்ல இருக்கற அந்த ஒரு புள்ளி என்னதான் சொல்லுது? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கிராஃப் பத்தி என்ன டவுட் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய பேர் கேட்டிருக்கீங்க, சந்தோஷம். பல வருஷமா கணக்கு சொல்லிக்குடுக்கறேன். புள்ளி வைக்கத் தெரிஞ்ச பசங்க நெறைய பேர், ஆனா வெச்ச புள்ளியைக் காட்டி இது என்னப்பா சொல்லுதுன்னு கேட்டா முழிக்கறாங்க. அதனால எல்லா பதில்லயும் அங்கதான் வந்து நிப்பேன்.

கேள்வி: அக்கா, (3, 450)னு ஒரு புள்ளி குடுத்து "இதன் பொருள் என்ன"ன்னு கேட்டிருக்காங்க. எக்ஸ் 3, ஒய் 450ன்னு எழுதினேன், மார்க் போடல. ஏன்?

தம்பி, நீ எழுதினது தப்பில்ல, ஆனா அது புள்ளியோட அட்ரஸ் மட்டும்தான், அது சொல்ற சேதி இல்ல. மொதல்ல ரெண்டு அச்சுக்குப் பக்கத்துலயும் என்ன எழுதியிருக்குன்னு பாரு. கீழ "நேரம், நிமிஷத்துல"ன்னும் பக்கவாட்டுல "தொட்டியில இருக்கற தண்ணி, லிட்டர்ல"ன்னும் இருந்தா "3 நிமிஷம் ஆனப்போ தொட்டியில 450 லிட்டர் தண்ணி இருந்துச்சு", இதுதான் விடை. ஒரு புள்ளின்னா ஒரு முழு வாக்கியம்னு மனசுல வெச்சுக்கோ. யூனிட் இல்லாம எழுதினா அந்த வாக்கியம் பாதியில நிக்குது. இடம் மாத்தி (450, 3)ன்னு வெச்சேன்னா 450 நிமிஷம் கழிச்சு 3 லிட்டர்னு ஆயிடும், அது வேற கதை.

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு தூரம்–நேரம் கிராஃப் குடுத்தாங்க. கோடு மேல ஏறி, கொஞ்ச தூரம் சமமா போய், கீழ இறங்குது. "ஒருத்தர் மலை ஏறி, உச்சியில நடந்து, எறங்கி வர்றாரு"ன்னு எழுதியிருக்கா. எனக்கும் அப்படித்தான் தோணுது. தப்பாமே?

தப்புதாங்க, ஆனா உங்க பொண்ணு மட்டும் செய்யற தப்பு இல்ல, கிராஃபை ஒரு படமா பார்த்துடறது உலகம் பூரா பசங்க செய்யறதுதான், பெரியவங்களும் செய்வாங்க. தயவுசெஞ்சு அவளைத் திட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு புள்ளியா வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க, அது போதும்.

நீங்க அனுப்புன கிராஃப்ல கீழ நேரம் நிமிஷத்துல, பக்கவாட்டுல வீட்டுல இருந்து எவ்ளோ தூரம்னு மீட்டர்ல. மூலைப் புள்ளிகள் (0, 0), (10, 600), (15, 600), (25, 0). இப்ப படிங்க. கிளம்பும்போது வீட்டுல இருக்காரு. 10ஆவது நிமிஷத்துல வீட்டுல இருந்து 600 மீட்டர் தள்ளி இருக்காரு. 15ஆவது நிமிஷத்துலயும் அதே 600 மீட்டர். அஞ்சு நிமிஷம் ஓடிப்போச்சு, தூரம் மாறவே இல்ல, அப்ப அவர் நின்னுட்டு இருந்திருக்காரு, யார்கூடவாவது பேசிட்டு இருந்திருக்கலாம். 25ஆவது நிமிஷம் தூரம் 0, அதாவது திரும்ப வீட்டு வாசல்ல. கோடு கீழ இறங்கறது பள்ளத்துல இறங்கறது இல்ல, வீட்டைப் பார்த்து வர்றது. ரோடு மேடா பள்ளமான்னு இந்த கிராஃபுக்குத் தெரியவே தெரியாது.

இதுலயே இன்னொண்ணு, அதே கிராஃப்ல பக்கவாட்டு அச்சுல தூரத்தை எடுத்துட்டு வேகம்னு எழுதிப் பாருங்க, கோடு அப்படியே இருக்கட்டும். இப்ப சமமா போற பகுதிக்கு அர்த்தம் "நின்னுட்டாரு" இல்ல, "ஒரே வேகத்துல போயிட்டே இருந்தாரு". கடைசிப் புள்ளியில 0ன்னா வீட்டுக்கு வந்துட்டாருன்னு இல்ல, எங்கயோ நின்னுட்டாருன்னுதான் அர்த்தம். ஒரு வார்த்தை மாறினதுக்கே மொத்த கதையும் மாறிடுச்சு, அதனாலதான் கோட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி அச்சைப் படின்னு நான் தொண்டை வத்தக் கத்தறேன்.

கேள்வி: எக்ஸ் 1ஆ இருக்கற புள்ளியைப் பார்த்தா ஒரு யூனிட்டுக்கு எவ்ளோன்னு தெரிஞ்சிடும்னு படிச்சேன். எப்பவுமே சரியா?

இல்லங்க. கோடு நேரா இருந்து (0, 0) வழியா போனாதான் சரி. மேல சொன்ன தொட்டி காலியா இருந்து ஒரே சீரா நிரம்புதுன்னா (1, 150) புள்ளி "நிமிஷத்துக்கு 150 லிட்டர்"னு நேரா சொல்லிடும். ஆனா ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கோங்க, ஏத்தும்போது 20 சென்டிமீட்டர், மணிக்கு 2 சென்டிமீட்டர் கரையுது. (0, 20)ல ஆரம்பிக்கும், அடுத்து (1, 18). இங்க 18ன்னா ஒரு மணி நேரம் கழிச்சு மிச்சம் இருக்கற உயரம், மணிக்கு 18 கரையுதுன்னு சொன்னா அபத்தமாயிடும். கரையற வேகம் வேணும்னா ரெண்டு புள்ளியை ஒப்பிட்டாதான் கிடைக்கும். (10, 0)? முழுசா எரிஞ்சு அணைஞ்ச நேரம்.

கேள்வி: புள்ளிகளை எல்லாம் கோடு போட்டு சேர்க்கணுமா?

நடுவுல இருக்கற புள்ளிக்கு அர்த்தம் இருந்தா சேருங்க. 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவுல வெப்பநிலைன்னு ஒண்ணு இருந்தே ஆகணும், சேர்க்கலாம். ஆனா லிஃப்ட்ல ஒவ்வொரு மாடியிலயும் எத்தனை பேர் ஏறுனாங்கன்னு புள்ளி வெச்சுட்டு அதைக் கோட்டால சேர்த்தா, இரண்டரையாவது மாடியில மூணேகால் பேர் ஏறுன மாதிரி ஆகும்.

கேள்வி: அக்கா ரொம்ப பயமா இருக்கு. பையனுக்கு ஒரு வயசு, 8.6 கிலோ. டாக்டர் சார்ட்ல புள்ளி வெச்சுட்டு 15ஆவது பெர்சன்டைல்னாரு. நூத்துக்கு 15தானா? ஃபெயிலா?

மொதல்ல ஒரு மூச்சு விடுங்கம்மா. பெர்சன்டைல் மார்க் இல்லவே இல்ல. அதே வயசுல ஆரோக்கியமா இருக்கற 100 ஆம்பளைப் பசங்களை எடை வாரியா வரிசையா நிக்க வெச்சா, சுமார் 15 பேர் உங்க பையனைவிட எடை கம்மி, 85 பேர் அதிகம், அவ்ளோதான். எப்படிப்பட்ட 100 பேர்லயும் யாராவது 15ஆவது இடத்துல நின்னுதானே ஆகணும்.

டாக்டருங்க பரவலா உபயோகிக்கற சார்ட் உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்டது. இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுல நல்ல சூழ்நிலையில வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. அதுல ஒரு வயசு ஆம்பளைக் குழந்தைக்கு நடுக்கோடு 9.6 கிலோ. நடுக்கோடுன்னா எல்லாரும் தொட வேண்டிய கோடு இல்ல, பாதிப் பேர் அதுக்குக் கீழதான் இருப்பாங்க.

ஒத்தைப் புள்ளியை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. பழைய புள்ளிகளைப் பாருங்க, 6 மாசத்துலயும் 9 மாசத்துலயும் இதே 15 கோட்டை ஒட்டியே வந்தானா? அப்ப அவன் பாதையில அவன் வளர்றான். 60ல இருந்தவன் 40, 15ன்னு கோடு தாண்டித் தாண்டி இறங்குறான்னா அது கவனிக்க வேண்டிய விஷயம், அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்காம டாக்டர்கிட்ட பேசிடுங்க.

கேள்வி: எங்க ஆபீஸ் மீட்டிங்ல ஒத்து வராத புள்ளிகளை எடுத்துட்டு கிராஃப் போடறாங்க. தப்புன்னு சொன்னா "அதுல ஒண்ணும் இல்லையே"ங்கறாங்க. என்ன பதில் சொல்றது?

சேலஞ்சர் விண்வெளி ஓடத்தைப் பத்தி சொல்லுங்க. 1986 ஜனவரி 28, அமெரிக்காவுல ஏவின கொஞ்ச நேரத்துலயே அது உடைஞ்சு சிதறி, உள்ள இருந்த ஏழு பேர் உயிர் போச்சு. ராக்கெட் மூட்டுல இருக்கற ரப்பர் வளையம் குளிர்ல இறுகிப்போய் சரியா அடைக்கல. அதுக்கு முன்னாடி வளையம் சேதமான பயணங்களை மட்டும் புள்ளி வெச்சா, குளிர்லயும் சேதம் இருக்கு, வெயில்லயும் சேதம் இருக்கு, வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். விசாரணைக் கமிஷன் அறிக்கையில சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்து இன்னொரு கிராஃப் போட்டிருந்தாங்க. சுமார் 17 டிகிரி செல்சியஸும் அதுக்குக் கீழயும் போன நாலு பயணத்துலயும் சேதம், 19 டிகிரியும் அதுக்கு மேலயும் போன இருபதுல மூணுலதான் சேதம். அன்னிக்கு ஏவும்போது சுமார் 2 டிகிரி, அதுவரைக்கும் இருந்த புள்ளிகள்ல ரொம்பக் குளிரானதே 12 டிகிரி பக்கம்தான். புள்ளியே இல்லாத இடத்துக்குப் போயிட்டாங்க. "ஒண்ணும் ஆகல"ங்கறதும் ஒரு தகவல்தான், சேதம் 0ன்னு சொல்ற புள்ளியும் பேசுது. இதை நினைச்சா எனக்கு இன்னமும் மனசு கனத்துப்போகும்.

கேள்வி: ரெண்டு கோடு வெட்டிக்கற புள்ளிக்கு என்ன அர்த்தம்?

அந்த இடத்துல ரெண்டும் ஒண்ணு. ஒரு தொட்டி நிரம்புது, இன்னொண்ணு காலியாகுது, ரெண்டு கோடும் (8, 300)ல வெட்டினா 8ஆவது நிமிஷம் ரெண்டுலயும் அதே 300 லிட்டர். ஃபாரன்ஹீட்டை செல்சியஸுக்கு எதிரா வரைஞ்சு, கூடவே ஒய் சமம் எக்ஸ் கோட்டையும் போட்டுப் பாருங்க, (−40, −40)ல வெட்டும். மைனஸ் 40ல எந்த தெர்மாமீட்டரைப் பார்த்தாலும் அதே நம்பர்தான்.

கேள்வி: அக்கா, லேப்ல தண்ணி காய்ச்சி நிமிஷத்துக்கு ஒரு புள்ளி வெச்சோம். 9, 10, 11, 12 நாலுலயும் 100 டிகிரி. தெர்மாமீட்டர் ரிப்பேருன்னு நினைச்சு கடைசி மூணை அழிச்சுட்டேன். சரிதானே?

ஐயோ, அழிச்சதைத் திரும்ப வைம்மா! தெர்மாமீட்டர் நல்லாத்தான் இருக்கு. கொதிக்க ஆரம்பிச்சதும் அடுப்பு குடுக்கற வெப்பம் எல்லாம் தண்ணியை ஆவியாக்கறதுக்கே செலவாயிடும், அதனால சூடு ஏறாது. (9, 100)ம் (12, 100)ம் சேர்ந்து சொல்றது "மூணு நிமிஷமா கொதிக்குது, வெப்பநிலை மாறல". கடல் மட்டத்துல இருந்து ரொம்ப உயரத்துல இருக்கற ஊர்ல செஞ்சிருந்தா இந்த சமக்கோடு 100க்குக் கொஞ்சம் கீழயே வந்திருக்கும். ரெக்கார்ட் நோட்டுல அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல "கொதிநிலை"ன்னு எழுதி, அதுக்கப்புறம் கொண்டுபோய்க் காட்டு.