தொலைபேசியில் தீராத பல்வலி

அன்புள்ள டாக்டர்,

2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, என் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் கடும் வலி. செம்பூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் பல் மருத்துவர் வாயைப் பார்க்காமலே தொலைபேசியில் மாத்திரை சொன்னார்; ஜூலையில் கிளினிக்கைத் திறந்ததும் பாதுகாப்பு உடைக்கென்று தனியாகப் பணம் வாங்கினார். மற்ற மருத்துவர்கள் வார்டுகளில் நின்றபோது பல் மருத்துவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்றே எங்களுக்குத் தோன்றியது. நீங்களும் அப்படித்தான் இருந்தீர்களா?

மீனா, செம்பூர்

அன்புள்ள மீனா,

பணத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் புதிய உடை, அவர் எழுந்து போனபின் சன்னலைத் திறந்துவைத்து நெடுநேரக் காத்திருப்பு என்றானதால், நாளுக்குப் பன்னிரண்டு பேர் வந்த என் மாதுங்கா கிளினிக்கில் நான்கு பேரைத்தான் பார்க்க முடிந்தது. வாடகை மட்டும் குறையவில்லை. ஆனாலும் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

பயந்தோம் என்பது உண்மை. பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் நிமிடத்துக்கு 3 முதல் 4 லட்சம் முறை சுழல்கிறது. பல் சூடேறாமலிருக்க அதன் நுனியில் பீய்ச்சும் தண்ணீர் எச்சிலோடும் ரத்தத்தோடும் கலந்து நுண்திவலைகளாக எழுந்து, ஓரடி தூரத்தில் குனிந்திருக்கும் எங்கள் முகத்தில்தான் வந்து படிகிறது. மற்ற மருத்துவரிடம் முகக்கவசத்தோடே உட்கார்ந்து பேசலாம், எங்கள் நாற்காலியில் அதைக் கழற்றாமல் முடியாது. 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் தொற்று அதிகமிருந்த சிவப்பு மண்டலங்களில் அவசரச் சிகிச்சையை மட்டுமே அனுமதித்தது. மும்பை அப்போது சிவப்பு மண்டலம். மீண்டும் திறந்தபோது அதேபோல் தண்ணீர் பீய்ச்சும் ஸ்கேலிங் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கைக்கருவியால் பற்காரையைச் சுரண்டினேன். அம்பர்நாத்திலிருந்து லோக்கல் ரயிலில் வரும் உதவியாளர் வர வழியில்லாததால், வாய்க்கண்ணாடி பிடிக்கவேண்டிய இடக்கையில் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்காற்றில் மங்கிய முகத்திரை வழியாக ஏறக்குறைய தடவித்தான் வேலை செய்தேன்.

இவற்றையெல்லாம் சமாளித்துவிட்டோம். என்னை இன்றும் உறுத்துவது அந்தத் தொலைபேசி மாத்திரைகள்தான். பல்லுக்குள் இருக்கும் கூழ் அழற்சியடையும்போது, சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமின்றி உள்ளேயே அழுத்தம் கூடி நரம்பு தெறிக்கிறது. அந்த வலிக்கு ஆன்டிபயாடிக் உதவாது, பல்லைத் திறந்தாக வேண்டும் என்பது கல்லூரியிலேயே படித்த பாடம். அப்படியிருந்தும் சயானில் இருக்கும் ஒரு முதியவருக்கு, அவர் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கலான படத்தைப் பார்த்து, இரண்டு முறை ஆன்டிபயாடிக்கையே எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் முறை கன்னம் வீங்கிய படம் வந்தது. உடனே வரச் சொல்லிப் பல்லைப் பிடுங்கினேன். முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் வேர் சிகிச்சையில் அது பிழைத்திருக்கும். அரசு விதி அவசரச் சிகிச்சையைத் தடுக்கவில்லை, நான்தான் அவசரம் என்ற சொல்லை எனக்கு வசதியாகக் குறுக்கிக்கொண்டேன். உங்கள் மருத்துவருக்காக நான் பேச முடியாது, என் அளவில் உங்கள் குற்றச்சாட்டில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

அப்பாவின் அந்தப் பல் என்னவாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரையோடு விட்டிருந்தால், இப்போது வலி இல்லையென்றாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். உள்ளே நரம்பு செத்துப்போனாலும் வலி நின்றுவிடும்.