மகள் கோச் ஆகட்டும், வரன் காத்திருக்கட்டும்

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகளுக்கு 20 வயது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் டிஃபெண்டர். டிகிரி முடித்ததும் பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) சேர வேண்டும், கோச் ஆக வேண்டும் என்பது அவள் திட்டம். இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவிடம், தனக்கு ஆண்கள் மேல் ஈர்ப்பு இல்லை, பெண்கள் மேல்தான் என்று சொல்லியிருக்கிறாள். கடிதத்தின் கடைசிப் பகுதியை அவருடைய அனுமதியோடு இங்கே தருகிறேன்: "டீமிலிருந்து தூக்கிவிடுவார்களா? நாளைக்குக் கோச் என்று போய் நின்றால் எவன் தன் பெண்ணை இவளிடம் அனுப்புவான்? விளையாடப் போய்த்தான் இப்படி ஆகிவிட்டாளோ? பேசாமல் ஒரு வரன் பார்த்துவிடலாமா?"

சார், நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்குப் பதில் சின்னது. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

விளையாட்டால் யாரும் இப்படி ஆவதில்லை. உங்கள் மகளோடு அதே ஹாஸ்டலில் தங்கி, அதே மைதானத்தில் ஓடிய மற்றப் பெண்களில் பலருக்கு இந்நேரம் நிச்சயதார்த்தம்கூட முடிந்திருக்கும். வரன் விஷயமும் அப்படித்தான். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த மாப்பிள்ளைப் பையனின் வாழ்க்கையையும் சேர்த்து யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "டாக்டரிடம் காட்டலாமா" என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உறவுக்காரர் ஒருவராவது கேட்பார், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில், தன்பாலீர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று மருத்துவம் பார்ப்பதற்கே தடை விதித்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்த வழக்கில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. இதைப் பற்றித் தனக்குச் சரியான புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த நீதிபதியே ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதிக்கே புரிந்துகொள்ள நேரம் தேவைப்பட்டது என்றால், உங்களுக்கு இரண்டு மாதம் போதவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி வேலை பற்றிய கேள்விகள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த தூத்தீ சந்த். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வென்றவர். அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் பிடியிலிருந்து தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்தது. 2019 மே மாதம், தனக்கு ஒரு பெண்ணோடு உறவு இருக்கிறது என்று தூத்தீ வெளிப்படையாகச் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே இப்படிச் சொன்ன முதல் இந்திய வீராங்கனை அவர்தான்.

அப்புறம் என்ன ஆனது என்பதுதான் நமக்கு முக்கியம். தடகளச் சம்மேளனம் அவரை வெளியே தள்ளவில்லை. ஜூலையிலேயே இத்தாலியின் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். ஊர் உலகம் கை தட்டியது. எதிர்ப்பு வந்தது சொந்த வீட்டிலிருந்தும் சொந்த கிராமத்திலிருந்தும்தான். வீட்டுக்குள்ளிருந்து வந்த மிரட்டல் தாங்காமல்தான் வெளியே சொன்னதாக அவரே பேட்டிகளில் சொன்னார். பின்னால் 2023-ல் ஊக்கமருந்து விவகாரத்தில் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை வந்தது. அது வேறு கதை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருடைய ஓட்டத்தை நிறுத்தியது அந்த மருந்து விவகாரம்தான், அவர் யாரை விரும்பினார் என்பது இல்லை.

சரி, தூத்தீ நட்சத்திரம், என் மகள் அப்படி இல்லையே என்பீர்கள். நியாயம்தான். நட்சத்திரத்துக்கு ஒரு கவசம் உண்டு, மாவட்ட அளவில் ஆடும் பெண்ணுக்கு அது இல்லை. அதனால்தான் பெண்கள் விளையாட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பெண்கள் பிரீமியர் லீக் உங்கள் வீட்டு டிவியிலும் ஓடியிருக்கும். 2023-ல் மும்பை இந்தியன்ஸ் அணி 3.2 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த நாட் ஸிவர்-பிரன்ட், அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 60 ரன் எடுத்து கோப்பையை வாங்கித் தந்தார். அவருடைய இணையர் இங்கிலாந்து அணியின் வேகப்பந்து வீச்சாளராக இருந்த கேத்தரின். இருவரும் 2022-ல் திருமணம் செய்துகொண்டார்கள், பெயரைக்கூடச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். டெல்லி அணியின் மரிசான் காப்பும் அப்படித்தான், தென்னாப்பிரிக்க அணியின் தலைவியாக இருந்தவரை மணந்தவர். நம் ஆட்கள் அவர்களுடைய ரன்னையும் விக்கெட்டையும்தான் எண்ணினார்கள். கால்பந்தில் 2023 பெண்கள் உலகக் கோப்பையில் வெளிப்படையாக இருந்த வீராங்கனைகள் 90-க்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு கத்தாரில் நடந்த ஆண்கள் உலகக் கோப்பையில் அப்படி ஒருவர்கூட இல்லை. ஆண்கள் விளையாட்டு இதில் இன்னும் பின்தங்கியே இருக்கிறது. உங்களுக்கு மகன் இருந்து இதே கடிதத்தை எழுதியிருந்தால் என் பதில் இதைவிடத் தயக்கமாகத்தான் இருந்திருக்கும்.

பெண்கள் பக்கம் எல்லாம் நலம் என்றும் சொல்ல மாட்டேன். 2011 உலகக் கோப்பைக்கு முன் நைஜீரியப் பெண்கள் அணியின் பயிற்சியாளர், அணியில் இருந்த தன்பாலீர்ப்புப் பெண்களை ஒழித்துவிட்டதாகப் பெருமையாகவே சொன்னார். இங்கேயும் சத்தமில்லாமல் நடக்கிறது. ஆலோசகராக மாறுவதற்கு முன் நான் சில ஆண்டுகள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தேன். ஒரு தேர்வு முகாமில் நல்ல கோல்கீப்பர் ஒருத்தியைப் பட்டியலில் காணவில்லை. காரணம் கேட்டேன். "அவள் கிராப் வெட்டியிருக்கிறாள், மற்றப் பிள்ளைகளோடு ரொம்ப ஒட்டுகிறாள்" என்றார்கள். அந்தப் பெண் யாரை விரும்பினாள் என்று எனக்குத் தெரியாது, அப்படிச் சொன்னவர்களுக்கும் தெரியாது. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் அடுத்த பயம், கோச் வேலை. இதில்தான் நீங்கள் சரியாகவும் பயப்படுகிறீர்கள், தவறாகவும் பயப்படுகிறீர்கள்.

அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை 1980-லிருந்து நடத்தியவர் ரெனே போர்ட்லேண்ட். தன் அணியில் லெஸ்பியன்களுக்கு இடமில்லை என்பதை அவர் மறைக்கவே இல்லை. பெற்றோர்களுக்கு அதை ஒரு உத்தரவாதம் போலவே கொடுத்தார். 1991-ல் பல்கலைக்கழகம் பாலீர்ப்பின் பேரில் பாகுபாடு கூடாது என்று விதி போட்டது. அதற்குப் பிறகும் அணிக்குள் காற்று மாறவில்லை என்று புகார்கள் வந்தன. 2005-ல் ஜெனிபர் ஹாரிஸ் என்ற வீராங்கனையை அணியைவிட்டு அனுப்பினார். தன்னை லெஸ்பியன் என்று நினைத்துத்தான் வெளியேற்றினார் என்று ஹாரிஸ் வழக்குப் போட்டார். பல்கலைக்கழகம் விசாரித்து போர்ட்லேண்டுக்கு 10,000 டாலர் அபராதம் விதித்தது. 2007-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது, அடுத்த மாதமே அவர் பதவி விலகினார். 27 ஆண்டு வேலை.

அந்தக் கால அமெரிக்கக் கல்லூரிகளில் இன்னொரு பழக்கமும் இருந்தது. நல்ல வீராங்கனையைத் தங்கள் பக்கம் இழுக்க, "அந்தக் கல்லூரிக் கோச் ஒரு மாதிரி, உங்கள் பெண்ணை எங்களிடம் அனுப்புங்கள்" என்று பெற்றோர் காதில் போடுவார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் ஊர் மைதானங்களிலும் ஒரு கோச்சின் பேரைக் கெடுக்கிற பேச்சு பெரும்பாலும் போட்டி அகாடமியிலிருந்துதானே கிளம்புகிறது? உங்கள் மகள் இந்த வேலைக்கு வந்தால் இந்தப் பேச்சைக் கேட்கத்தான் வேண்டியிருக்கும். தாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். அதே அமெரிக்கா, வெளிப்படையாகவே பெண் இணையரோடு வாழ்ந்த ஜில் எல்லிஸிடம்தான் தன் தேசியப் பெண்கள் அணியைக் கொடுத்தது. அவர் 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்று கொடுத்தார்.

பெற்றோர் தம் பெண்ணை ஒரு கோச்சிடம் விடும்போது பயப்படுவது தவறே இல்லை. 2023-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் தொல்லைப் புகாரோடு உட்கார்ந்ததை நாடே பார்த்தது. ஆனால் பெண்கள் அணிகளுக்கு ஆண்கள்தானே நிறையப் பேர் பயிற்சி கொடுக்கிறார்கள்? அவர்களிடம் போய் "உங்களுக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு உண்டா" என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது வேறு. தனியறையில் ஒரு பிள்ளையோடு மட்டும் இருக்கிறாரா, ராத்திரியில் தனியாக வாட்ஸ்அப் அனுப்புகிறாரா, வெளியூர் போகும்போது யார் எந்த அறையில், புகார் சொல்ல யார் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம், தப்பு செய்தவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

உங்கள் மகள் முதல் நாளிலிருந்தே இந்த ஒழுங்கை எழுதி ஒட்டிவைத்து நடத்தட்டும். பயிற்சி நடக்கும்போது பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாம். எல்லாத் தகவலும் பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும் போகும். காயம் பார்க்கும்போது இன்னொரு பெரியவர் கூட இருப்பார். எந்தக் கோச்சாக இருந்தாலும் இப்படித்தான் இருக்க வேண்டும். அவளுக்கு இது பிள்ளைகளின் பாதுகாப்பும் ஆகும், தன் பேருக்குப் பாதுகாப்பும் ஆகும். 'அவள் மட்டும் ஏன் கூடுதலாக நிரூபிக்க வேண்டும்' என்று கேட்டால், நியாயமில்லைதான். ஆனால் வேலை வேண்டுமே.

அடுத்தது காகிதம். யாருடைய தயவிலும் நிற்காத வேலைக்கு அடித்தளம் காகிதம்தான் என்று எல்லா விளையாட்டுப் பிள்ளைகளிடமும் சொல்வேன். உங்கள் மகளுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவில் பாலீர்ப்பைக் காரணம் காட்டித் தனியார் நிறுவனம் வேலை மறுத்தால் நேரடியாகப் பிடித்துக்கொள்ள ஒரு தனிச் சட்டம் இன்னும் இல்லை. அரசு வேலை என்றால் அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு. 2018 தீர்ப்பு, 15-வது பிரிவு தடுக்கும் பாகுபாட்டில் பாலீர்ப்பும் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது. அதனால் என் முதல் விருப்பம் அரசுப் பக்கம். தமிழ்நாடு அரசு வேலைகளில் சாதனை படைத்த வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. போலீஸ், ரயில்வே இரண்டும் விளையாட்டுக்காரர்களை எடுக்கின்றன. இதற்கெல்லாம் கேட்கும் விளையாட்டுச் சான்றிதழ்களில், ஃபார்ம் 2 என்பது தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியதற்கு, ஃபார்ம் 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. இவை கையில் இல்லாமல் "நான் ஆடினேன்" என்றால் எந்தக் கவுன்டரிலும் செல்லாது.

பி.பி.எட். இரண்டு வருஷம். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920-லிருந்து இதைத்தான் செய்கிறது. மேலக்கோட்டையூரில் உடற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதோடு கால்பந்து லைசென்ஸ் படிகளையும் இப்போதே தொடங்கலாம். இந்தியச் சம்மேளனத்தின் டி லைசென்ஸ், அப்புறம் ஆசியச் சம்மேளனத்தின் சி, பி, ஏ. படிக்கட்டு உயர உயர, அவளைப் பற்றிய வதந்தியைவிட அவளுடைய லைசென்ஸ்தான் முதலில் பேசும். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமோவும் ஒரு நல்ல வழி. வெளியூரில் ஒரு வருஷம் தனியாக இருப்பது அவளுக்கே பிடிக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அவள் யாரிடம் சொல்ல வேண்டும்? வேலை விண்ணப்பத்தில் இதற்குக் கட்டம் கிடையாது, இன்டர்வியூவில் கேட்டாலும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியே சொல்வதா, எப்போது, யாரிடம் என்பது அவள் முடிவு. இதில் நீங்கள் செய்யக் கூடாதது ஒன்று உண்டு. அவளுடைய கோச்சிடமோ, காலேஜ் ஹெச்.ஓ.டி.யிடமோ நீங்களே போய் 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் பெற்றோர் சொன்ன ஒரு வார்த்தை, அடுத்த முகாமுக்குள் மொத்த அணிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் அண்ணன் தம்பிகளுக்கும் இப்போதைக்கு வேண்டாம். 2023-ல் பியூ ஆய்வு நிறுவனம் கேட்டபோது, இந்தியாவில் 53 சதவீதம் பேர் ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டம் அனுமதிக்கலாம் என்றார்களாம். அந்த 53-ல் உங்கள் பெரியப்பா இருக்கிறாரா என்று சோதித்துப் பார்க்க இது நேரமில்லை.

நவம்பரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டி முடிந்த கையோடு ஃபார்ம் 3 சான்றிதழுக்கான கையெழுத்தையும் சீலையும் வாங்கிவிடச் சொல்லுங்கள். பெயரின் எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்க்கட்டும், இன்ஷியல் உள்பட. நாலு வருஷம் கழித்து அந்த ஒரு எழுத்துக்காக அலைந்த பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.