மலேசியாவில் ஒரு சிறிய சட்ட உதவி அமைப்புக்கு மானியமும் நன்கொடையும் திரட்டுவது எப்படி?

கோலாலம்பூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து சட்ட உதவி அமைப்பு தொடங்கியிருக்கிறீர்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கும் உதவுகிறீர்கள். இரண்டு வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்காமல் வருகிறார்கள். எந்த மானியத்துக்கு எழுதிப் போடலாம் என்பது உங்கள் கேள்வி. பினாங்கில் இதே மாதிரியான ஒரு சிறிய அமைப்பில் நிதி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மானியத்தின் பெயர்களைத் தேடுவதற்கு முன்னால் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மானியம் பெரும்பாலும் ஓராண்டுதான் ஓடும். ஆனால் குடியுரிமை வழக்கு ஒன்று உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் என்று போனால் பல ஆண்டுகள் பிடிக்கும். எனவே பட்ஜெட்டை ஆண்டுக் கணக்கில் போடாதீர்கள், ஃபைல் கணக்கில், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகப் போடுங்கள். இந்த ஃபைலை இன்று திறந்தால் கடைசி வரை எவ்வளவு ஆகும், அதில் எவ்வளவு கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுதி வையுங்கள்.

வழக்கறிஞர்தான் சும்மா வருகிறாரே, அப்புறம் என்ன செலவு என்று நன்கொடையாளர்கள் கேட்பார்கள். மனு பதியக் கட்டணம் உண்டு. சத்தியப் பிரமாணப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும் காசு. தமிழில் இருக்கும் பழைய கடிதங்களை மலாய்க்கு மொழிபெயர்த்துச் சான்று வாங்க வேண்டும். பெற்றோர் யார் என்று நிரூபிக்க டி.என்.ஏ. பரிசோதனை கேட்டால் அந்தச் செலவு தனி. நிபோங் திபாலிலிருந்து ஜார்ஜ்டவுன் நீதிமன்றத்துக்கு வரும் தாய்க்குப் பஸ் காசு வேண்டும், அன்றைய சம்பளமும் அவருக்குப் போய்விடும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கியாக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, ஃபைலின் பின்னாலேயே அலைகிற ஆளின் சம்பளம். மருத்துவமனையில் பழைய பிரசவப் பதிவைத் தேடி வாங்குவது, தோட்டத்தில் அந்தக் குடும்பத்தை அறிந்த பெரியவரைக் கண்டுபிடிப்பது, வழக்குத் தேதி தள்ளிப்போனால் வீட்டுக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். 'நிர்வாகச் செலவு' என்ற வரியில் அவரை எழுதினால் மானியக் குழு முதலில் வெட்டுவது அவரைத்தான். 'வழக்கு ஒருங்கிணைப்பாளர், இத்தனை ஃபைல்களுக்குப் பொறுப்பு' என்று திட்டச் செலவிலேயே எழுதுங்கள். உண்மையும் அதுதான். அவர் இல்லாமல் எந்த வழக்கறிஞராலும் இந்த வழக்குகளை நடத்த முடியாது.

அடுத்து, கெடு. வேலைநீக்கம் நியாயமற்றது என்று முறையிட 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 20ஆம் பிரிவு 60 நாள்தான் தருகிறது. அரசாங்கத்தின் முடிவு ஒன்றை நீதிமன்ற மறுஆய்வுக்குக் கொண்டுபோக 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் 3 மாதம் தருகின்றன. மானியக் குழு கூடி முடிவு சொல்லும்வரை இந்த நாள்கள் காத்திருக்காது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போனவர் ஐம்பதாவது நாளில் உங்களிடம் வந்தால், அன்றைக்கே எடுத்துச் செலவழிக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். நிபந்தனை இல்லாத பணம் எவ்வளவு சின்னத் தொகையானாலும் அதை நான் மேலாக நினைப்பது இதனால்தான்.

விண்ணப்பத்தில் தவறாமல் வரும் கேள்வி, "அரசாங்கமே சட்ட உதவி தருகிறதே, நீங்கள் எதற்கு?" என்பது. அரசின் சட்ட உதவித் துறை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. கைது, தடுப்புக் காவல், ஜாமீன் போன்ற குற்றவியல் விஷயங்களுக்கு 2011இல் தொடங்கிய தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களுக்காக வழக்கறிஞர்களே ஆண்டுதோறும் ஆளுக்கு 100 ரிங்கிட் போடுகிறார்கள். இவற்றை மதித்தே எழுதுங்கள். ஆனால் அரசின் உதவி பெரும்பாலும் குடிமக்களை நினைத்து உருவானது. குடிமகனா இல்லையா என்பதே வழக்காக இருக்கும்போது அந்தப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டுவது? உங்கள் விண்ணப்பத்தின் நடுப்பகுதி இந்தக் கேள்வியாக இருக்கட்டும்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதியலாம், அல்லது 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி உத்தரவாத நிறுவனமாக, அதாவது பங்குகளுக்குப் பதிலாக உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் இயங்கும் நிறுவனமாகப் பதியலாம். எதுவானாலும் தணிக்கை செய்த கணக்கு இல்லாமல் பெரிய இடங்கள் உங்கள் கடிதத்தைப் படிக்கக்கூட மாட்டா. கம்பெனிகள் முதலில் கேட்பது வருமான வரிச் சட்டம் 44(6) அங்கீகாரம். அது இருந்தால் கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். அங்கீகாரம் உள்ள வேறொரு சங்கத்தின் ரசீதை உங்கள் நன்கொடைக்குக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, எங்கே எழுதுவது? அரசின் முதலீட்டு நிறுவனமான கஸானாவின் அறவாரியம் யாயாசான் ஹசானா, கனடா, ஆஸ்திரேலியத் தூதரகங்களின் சிறு மானியங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றைப் பயிற்சி, முகாம், தகவல் கையேடு போன்றவற்றுக்குக் கேட்பது எளிது. நேரடியாக வழக்குக்குக் கேட்பது கடினம். இந்தியர்களுக்காக ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படும் மித்ரா என்ற அரசு அமைப்பைப் பற்றியும் கேட்பீர்கள். ஆவண முகாம் நடத்த அங்கே விண்ணப்பிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் வழங்கும் தேசியப் பதிவிலாகாவை எதிர்த்து நடத்தும் வழக்கை அரசாங்கப் பணத்தில் நடத்தாதீர்கள். வழக்கு சூடுபிடிக்கும் நேரத்தில் உங்கள் கை தயங்கக்கூடாது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்த அமைப்புகள் உலகம் முழுவதும் திண்டாடின. ஒரே இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் "இத்தனை வழக்குகளில் வெல்வோம்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். திறந்த ஃபைல், பதிந்த மனு, கிடைத்த ஆவணம், இவை எண்ணக்கூடியவை. பிள்ளையின் படத்தைப் பெயரோடு போடச் சொல்லும் நன்கொடையாளர்கள் வருவார்கள். எங்களிடம் ஒருவர் அந்த நிபந்தனையோடு நல்ல தொகை தர முன்வந்தார், வேண்டாம் என்றோம். வழக்கறிஞரிடம் சொன்னது ரகசியம் என்பதை 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே காக்கிறது. அதை விற்று வரும் பணம் எதற்கு?

நம் மக்கள் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மனம் குளிரக் கொடுப்பார்கள். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. கோர்ட் வழக்கு என்றால் தயங்குகிறார்கள், அது யாரோ செய்த தப்பு என்ற நினைப்பில். "அடையாள அட்டை இல்லாததால் ஒரு பிள்ளையால் ஐந்தாம் படிவத்தின் எஸ்.பி.எம். தேர்வை முடித்தும் மேலே போக முடியவில்லை" என்று பெயர் சொல்லாமல் விளக்குங்கள், கை தானாக நீளும். மாதம் 20 ரிங்கிட் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி ஐம்பது பேர் இருந்தால் மாதம் 1,000 ரிங்கிட், எந்த நிபந்தனையும் இல்லாமல். மேசை விற்று நடத்தும் விருந்தில் மண்டபமும் சாப்பாடும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சாப்பாட்டை ஒருவர் ஏற்றுக்கொண்டால் மட்டும் நடத்துங்கள். பிரிக்பீல்ட்ஸ் தெருவில் உண்டியலோடு இறங்குவதற்கு முன் போலீசில் அனுமதி எடுக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது.

கடைசியாக, ஒவ்வொரு மானியத்தின் முடிவுத் தேதிக்கும் நான்கு மாதம் முன்னால் திறந்திருக்கும் ஃபைல்களை எடுத்து மேசையில் வையுங்கள். எவற்றை நிபந்தனை இல்லாத நன்கொடைப் பணத்தில் தொடரலாம், எவற்றை வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தோடு பேசி ஒப்படைக்கலாம் என்று அன்றே பிரித்து வையுங்கள். புதிய குடும்பம் முதல் நாள் கையெழுத்திடும் கடிதத்திலும், பணம் தீர்ந்தால் அவர்களுடைய ஃபைல் யாரிடம் போகும் என்று ஒரு வரி இருக்கட்டும்.