குட்டி மந்தமில்லை, கூலிதான் சரியில்லை

கேள்வி: ஐயா, சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு கீரைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் தோட்டத்து நாய் போட்ட நான்கு குட்டிகளில் ஓர் ஆண் குட்டியை நாங்களே வைத்துக்கொண்டோம். வயது பத்து வாரம். பள்ளிப் பிள்ளைகள் தோட்டம் பார்க்க வரும்போது குட்டி உட்கார்ந்து, கை கொடுத்து, இரண்டு காலில் நின்று காட்டினால் நன்றாக இருக்கும் என்று முதலாளி ஆசைப்படுகிறார். இரண்டு வாரமாக "சிட், சிட்" என்று தொண்டை வற்றச் சொல்கிறேன். என் விரலைக் கடிப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்யவில்லை. செல்லப்பிராணிக் கடையில் பயிற்சிக்கான கழுத்துப்பட்டை ஒன்றும் பிஸ்கட்டும் சேர்த்து 120 வெள்ளி என்கிறார்கள். வாங்கலாமா? குட்டி மந்தமாக இருக்குமோ என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள் தம்பி. பட்டையும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். குட்டி மந்தமும் இல்லை.

நீங்கள் இருபது தடவை "சிட்" சொன்னபோதெல்லாம் குட்டி நின்றுகொண்டிருந்தது. அதைப் பொறுத்தவரை "சிட்" என்பது நிற்கும்போது காதில் விழுகிற ஒரு சத்தம், தண்ணீர் பம்பு ஓடுகிற மாதிரி. சொல் பின்னால் வரட்டும். முதலில் செயலை வரவழையுங்கள். ஒரு துண்டு ஈரலை அதன் மூக்குக்கு முன்னால் பிடித்து, மெதுவாகத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோங்கள். மூக்கு மேலே போனால் பின்புறம் தானாகக் கீழே வரும். வால் மண்ணைத் தொட்ட அந்த நொடியே "சரி!" என்று சொல்லி வாயில் கொடுத்துவிடுங்கள். அந்த நொடிதான் முக்கியம். பையைத் துழாவி எடுத்துக் கொடுப்பதற்குள் குட்டி எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் கூலி கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து தடவை போதும், அப்புறம் விளையாட விடுங்கள். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். கையைக் கண்டதுமே உட்கார ஆரம்பித்த பிறகு சொல்லைச் சேர்க்கலாம்.

எந்தச் சொல் என்பதில் உங்கள் தோட்டத்தில் இன்னொரு சிக்கல் இருக்கும். நீங்கள் "சிட்" என்பீர்கள், ஊர்க்காரர் "உட்கார்" என்பார், பங்களாதேஷ் தம்பி "போஷ்" என்பார், முதலாளி சீனத்தில் ஏதோ சொல்வார். நான்கு மொழி கற்க அது தொடக்கப்பள்ளிக்குப் போகவில்லை. எல்லாரும் ஒரே கைச்சாடையை வைத்துக்கொள்ளுங்கள். நாய் வாய்ச்சொல்லைவிடக் கைச்சாடையைத்தான் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இனி நான் எங்கே போனாலும் சொல்லித் திட்டு வாங்குகிற விஷயம்: சாப்பாட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள். நாய் பாடம் படிக்காததற்கு நான் பார்த்தவரை பாதிக் காரணம் அந்தத் தட்டுதான். காலையில் தட்டு நிறையக் கொட்டிவிட்டு, வயிறு புடைத்துப் படுத்திருக்கிற குட்டியை மத்தியானம் எழுப்பி வேலை வாங்கினால் அது ஏன் செய்யும்? நீங்கள் கீரைக்கு யூரியாவை மொத்தமாக ஒரே நாளில் கொட்டுவீர்களா? கொட்டினால் அடுத்த மழையில் அது வாய்க்காலோடு போய்விடும் என்று தெரியும். அதனால்தான் பிரித்துப் பிரித்துப் போடுகிறீர்கள். நாய்ச் சாப்பாடும் மேலுரம்தான். அன்றைய மொத்தத் தீவனத்தையும் காலையிலேயே ஒரு டம்ளரில் அளந்துவிடுங்கள். பாதியை வழக்கமான நேரங்களில் கொடுங்கள். மீதி உங்கள் இடுப்புப் பையில் இருக்கட்டும். பாத்தி ஓரம் நடக்கும்போது குட்டி கூடவே வந்ததா, இரண்டு தீவன மணி கொடுங்கள். காட்டுக்கோழி குறுக்கே ஓடியும் துரத்தாமல் உங்களைத் திரும்பிப் பார்த்ததா, ஐந்து மணி. உங்கள் பக்கம் காட்டுக்கோழிக்குப் பஞ்சமில்லை, நாளைக்குப் பத்துப் பாடம் இலவசமாகக் கிடைக்கும்.

புதுப் பாடத்துக்கு மட்டும் கொஞ்சம் உயர்ந்த கூலி வேண்டும். ஈரச்சந்தையில் கோழி ஈரல் வாங்கி உப்பில்லாமல் வேகவையுங்கள். ஓர் ஈரலை ஊறிய கொண்டைக்கடலையில் பாதி அளவுக்கு நறுக்கினால் ஐம்பது துண்டாவது வரும். ஒரு நாளைக்கு அதுவே அதிகம். தினமும் ஈரலாகவே கொடுத்தால் வைட்டமின் ஏ கூடிவிடும், ஆகையால் மறுநாள் கோழி நெஞ்சுக்கறி. கடைக்காரர் விற்கிற பயிற்சி பிஸ்கட்டும் சாதாரண பிஸ்கட்டும் பல நேரம் ஒரே மாவு, உறையில் இருக்கிற நாய்ப்படம்தான் வேறு. அதைவிட மோசம், வேலையாட்களின் சாப்பாட்டுப் பொட்டலத்தில் மிஞ்சுவதை அதற்கு வைப்பது. சாம்பாரிலும் குழம்பிலும் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாகப் பிளந்து குடலில் குத்தும்.

பட்டையைப் பற்றி. கடைக்காரர் சொன்னது கழுத்தை இறுக்குகிற வகையா, மின்சாரம் பாய்ச்சுகிற வகையா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் பத்து வாரக் குட்டிக்கு விற்கிறவர் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். நான் போய்வந்த ஒரு மீன் பண்ணையில், பிள்ளைகளைக் கண்டால் குரைக்கிறது என்று ஒரு நாய்க்கு மின்பட்டை போட்டார்கள். குரைப்பு நின்றது. பிள்ளைகள் வந்தால் கழுத்தில் சுரீர் என்று வலிக்கும் என்பதுதான் அந்த நாய் படித்த பாடம். ஒரு நாள் குரைக்காமலேயே கடித்துவிட்டது.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். வித்தையை ஐந்து வயது நாய்க்கும் கற்றுக்கொடுக்கலாம், அவசரமே இல்லை. ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயப்படாமல் பழகுகிற வயது மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய பதினான்காவது வாரத்தில் முடிந்துவிடும். உங்களுக்கு மிச்சம் நான்கு வாரம்தான். அதற்குள் லாரி, தெளிப்பான், தள்ளுவண்டி, குடை, மழைக்கோட்டு, சக்கர நாற்காலி, கும்பலாகக் கத்துகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து, ஈரல் தின்றுகொண்டே அது பார்த்துவிட வேண்டும். பயந்தால் இன்னும் தள்ளிப் போங்கள், இழுத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள். தடுப்பூசி வரிசை முடிய பதினாறு வாரம் ஆகும். குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடு கிடக்கும். அதனால் வெளிநாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டே காட்டுங்கள். ஊசி முடியட்டும் என்று நான்கு சுவருக்குள் பூட்டிவைத்தால், முடிகிற நேரத்தில் உங்களிடம் இருப்பது ஒரு கோழை நாய்.

முதலாளி கேட்ட "கை கொடு" கடைசியில் இருக்கட்டும். அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் வீட்டு நாய்க்கு நான் முதன்முதலில் பெருமையாகக் கற்றுக்கொடுத்தது அதுதான். கை கொடுத்தால் தின்பண்டம் என்று தெரிந்ததும், பார்க்கிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்க ஆரம்பித்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் முழங்காலில் ஒருமுறை இழுத்த நகம், வயதான தோலைக் காகிதம் மாதிரி கிழித்துவிட்டது. முப்பது பிள்ளைகளுக்கு நடுவே சேற்றுக்காலோடு அந்தக் கை எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இரண்டு காலில் நிற்பது, உயரத் தாண்டுவது இரண்டுக்கும் ஒரு வயதாவது ஆகட்டும், எலும்பு இன்னும் வளர்கிறது.

அதற்குப் பதில் சாக்கு வித்தை. தரையில் ஒரு கோணிச் சாக்கை விரியுங்கள். குட்டி தற்செயலாக அதில் கால் வைத்தாலும் "சரி!", சாக்கின் மேலேயே ஒரு துண்டு. நான்கு காலும் ஏறினால் ஒன்று, படுத்தால் மூன்று. ஒரு வாரத்தில் சாக்கை உதறும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து விழுந்து படுக்கும். பிள்ளைகளிடம் சாக்கைக் கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள், குட்டி ஓடிவந்து படுப்பதைப் பார்த்து அவர்கள் சிரிக்கிற சிரிப்பு உங்கள் முதலாளிக்குப் போதும். சும்மா கிடப்பது சாமியார்களுக்கே கஷ்டம், இது கூலிக்குச் செய்துவிடும்.

விரல் கடிக்கு மருந்து வேண்டாம், வயது அது. பால்பல் விழுந்து முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள். தாயோடு தினமும் கொஞ்ச நேரம் விடுங்கள், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று அவள் உங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்குக் கருத்தடை செய்தாயிற்றா? செய்யாவிட்டால் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கும் எனக்கு எழுதுவீர்கள். குட்டிக்கு மூன்று மாதமானதும் மைக்ரோசிப்பும் உரிமமும் வேண்டும். இங்கே கொசு அதிகம், அது கடித்துப் பரப்புகிற இதயப்புழுவைத் தடுக்கும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு மாதாமாதம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, உண்மையில் முதலில் எழுதியிருக்க வேண்டியது. கீரைத் தோட்டம் என்றால் நத்தையைக் கொல்லும் மருந்து இருக்கும். அந்தக் குருணையில் மெட்டால்டிஹைடு என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நாய் அதை விரும்பித் தின்னும், சில மணி நேரத்தில் உடம்பு உதறி வலிப்பு வந்துவிடும். போட்ட பாத்திகளுக்குள் குட்டியை விடாதீர்கள், டப்பாவை இன்றைக்கே எட்டாத உயரத்தில் பூட்டிவையுங்கள். தின்றதாகச் சந்தேகம் வந்தால் உறையையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவரிடம் ஓடுங்கள், எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.